ராகிக்கு மாறியும் சுகர் ஏன் குறையவில்லை? வீட்டுச் சாப்பாடு, வீட்டு உடற்பயிற்சி பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

சிறுதானியம் விற்காத சூப்பர் மார்க்கெட்டை இப்போது பார்ப்பது கஷ்டம். ராகி சேமியா, தினை நூடுல்ஸ், கம்பு குக்கீஸ், சாமை தோசை மாவு என வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். செல்போனைத் திறந்தால் "வீட்டிலேயே பத்து நிமிடத்தில் தொப்பையைக் குறைக்கலாம்" என்று ஒரு ரீல்ஸ். அடுத்து "இந்த ஜூஸைக் குடித்தால் சுகர் ஓடிப்போகும்" என்று இன்னொன்று.

ஆரோக்கியத்தின் மீது மக்களுக்கு அக்கறை வந்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் பலர் சொல்லும் புகார் ஒரே மாதிரி இருக்கிறது. "அரிசியைக் குறைச்சுட்டு ராகிக்கு மாறிட்டேன், வாக்கிங்கும் போறேன். ஆனா சுகரும் குறையல, எடையும் குறையல."

இதற்குக் காரணம் என்ன? அண்மையில் வெளியான சில பெரிய ஆய்வுகளில் இதற்கான பதில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புதிய ஆய்வு என்ன சொல்கிறது?

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சேர்ந்து 'இன்டியாப்' என்ற பெயரில் நாடு தழுவிய ஆய்வை நடத்தின. அதன் முடிவுகள் 2023 ஜூன் மாதம் வெளியானபோது நாடே அதிர்ந்தது. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்பது அந்த ஆய்வின் கணக்கு. நம் பக்கத்திலேயே புதுச்சேரியிலும் கேரளாவிலும் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது.

அதே குழுவின் உணவு பற்றிய ஆய்வு 2025 செப்டம்பர் இறுதியில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. எல்லா மாநிலங்களிலும் சேர்த்து 1.2 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் "என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டுச் செய்த ஆய்வு இது.

இந்தியர்களுக்கு ஒரு நாளில் கிடைக்கும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு சுமார் 12 சதவீதம்தான். இதுதான் அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. தெற்கில் பட்டை தீட்டிய வெள்ளை அரிசி, வடக்கில் கோதுமை மாவு, எல்லா இடத்திலும் சர்க்கரை. பெயர்கள்தான் வேறு, நடப்பது ஒன்றுதான்.

அடுத்த தகவல்தான் பலருக்கு அதிர்ச்சி. வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ எடுத்துக்கொண்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால், சர்க்கரை நோய்க்கான ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை.

அதே நேரத்தில், மாவுச்சத்திலிருந்து வரும் கலோரியில் வெறும் 5 சதவீதத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் ஆபத்து குறைவாக இருந்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியின் புரதத்துக்கும் கொழுப்புக்கும் இந்தப் பலன் தெரியவில்லை.

அப்படியானால் சிறுதானியம் வேண்டாமா?

அப்படி இல்லை. சிறுதானியத்தின் சத்து உண்மையானது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வேறு எந்தத் தானியமும் இதன் பக்கத்தில் வர முடியாது. கம்பில் இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் அதிகம். 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததும் இந்தியாவின் முயற்சியால்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ராகியும் கம்பும் தானியங்கள்தான். அவற்றின் பெரும்பகுதி மாவுச்சத்துதான். நான்கு அரிசி தோசை சாப்பிட்ட இடத்தில் நான்கு ராகி தோசை சாப்பிட்டால் கால்சியம் கூடும், நார்ச்சத்து கூடும். ரத்தத்தில் சேரும் குளுக்கோஸின் அளவு பெரிதாக மாறாது.

எப்படிச் சமைக்கிறோம் என்பதும் முக்கியம். முழுத் தானியமாக வேகவைத்த சாமைச் சோறு மெதுவாகச் செரிக்கும். நைசாக அரைத்த ராகி மாவில் காய்ச்சிய கஞ்சி வேகமாகச் செரித்து, வேகமாக ரத்தத்தில் கலக்கும். அதில் இரண்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ராகி பிஸ்கட், தினை நூடுல்ஸ் என்றால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் முதலில் இருப்பது மைதா அல்லது கோதுமை. ராகியும் தினையும் அதற்குப் பிறகுதான் வரும்.

தட்டில் என்னதான் இருக்க வேண்டும்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான புதிய உணவு வழிகாட்டுதலை வெளியிட்டது. மொத்தம் 17 அறிவுரைகள். நாட்டில் நோய்களால் ஏற்படும் மொத்தச் சுமையில் 56.4 சதவீதத்துக்குத் தவறான உணவுமுறை காரணம் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது பரிந்துரைக்கும் அளவு இதுதான்:

தானியமும் சிறுதானியமும் சேர்த்து 250 கிராம்.
பருப்பு, பயறு வகைகள் 85 கிராம்.
காய்கறி, கீரை 400 கிராம்.
பழம் 100 கிராம்.
பால் அல்லது தயிர் 300 மில்லி.
கடலை, எள் போன்ற கொட்டைகளும் விதைகளும் 35 கிராம்.
எண்ணெய் 27 கிராம்.

தானியம், பருப்பின் அளவு எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. தானியத்திலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் இதில் அடக்கம்.

இப்போது நம்ம வீட்டு மதியச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். சாம்பார் சோறு, ரசம் சோறு, மோர் சோறு என்று மூன்று முறை சோறு விழுகிறது. ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியல். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. வழிகாட்டுதல் சொல்வதோ நேர் எதிர். தட்டில் பாதி காய்கறியும் பழமும். மீதிப் பாதியில்தான் சோறும் பருப்பும் இடம் பிடிக்க வேண்டும்.

அந்த 5 சதவீதம் என்றால் எவ்வளவு?

கணக்கு போட்டுப் பார்ப்போம். 2,000 கலோரியில் 5 சதவீதம் என்பது 100 கலோரி. மாவுச்சத்தானாலும் புரதமானாலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி. அதாவது, தினமும் 25 கிராம் மாவுச்சத்தைக் குறைத்து, 25 கிராம் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

25 கிராம் புரதம் எப்படிக் கிடைக்கும்? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டாலே அந்த அளவை எட்டிவிடலாம். முட்டை சாப்பிடாதவர்கள் கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு, மொச்சை, கொள்ளு, பனீர் என்று போகலாம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முட்டையும் கடலையும் தயிரும் சேர்த்தால் கூடவே சுமார் 400 கலோரியும் சேருகிறது. சோற்றைக் குறைக்காமல் இதை மேலே அடுக்கினால் எடை ஏறத்தான் செய்யும். சுமார் 300 கிராம் சோற்றில் அதே 400 கலோரி இருக்கிறது. அதை ஒரே வேளையில் வெட்ட வேண்டாம். காலையில் ஒரு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, இரவில் ஒரு தோசை என்று குறைத்துக்கொண்டே வந்தால் போதும். பசி தெரியாது, ஏனென்றால் புரதமும் காய்கறியும் வயிற்றில் நீண்ட நேரம் நிற்கும்.

புரதம் என்றதும் டப்பாவில் வரும் பவுடர்தான் ஞாபகத்துக்கு வரும். உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லித்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது. சாதாரணமாக நடமாடும் ஒருவருக்குத் தேவையான புரதம் சமையலறையிலேயே இருக்கிறது.

பருப்பு விற்கிற விலையில் இதெல்லாம் நடக்குமா?

நியாயமான கேள்வி. அரிசி ஏன் தட்டை நிறைக்கிறது என்பதற்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். பசியைப் போக்கிய திட்டம் அது. அதன் அருமையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் பருப்பு? ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய்க்கு. வீட்டில் நான்கு பேர் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 8 கிராம். பரிந்துரைக்கப்படுவது 85 கிராம். மீதியை வெளிச்சந்தை விலையில்தான் வாங்க வேண்டும். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பது பாமாயில். அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. பெரும்பாலான மாநிலங்களில் நிறைவுற்ற கொழுப்பு அளவைத் தாண்டிப் போகிறது என்று எச்சரிப்பதும் அதே 2025 ஆய்வுதான்.

ஆக, "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதுதான் தட்டில் அதிகம் இருக்கும். 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் கார்டுக்கு 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் அடுத்து கூட வேண்டியது பருப்பும் பயறும்தான்.

கையில் இருக்கும் காசுக்குள் என்ன செய்யலாம்? பாதாமுக்குப் பதில் வேர்க்கடலை. புரதத்தில் பாதாமுக்கு அது கொஞ்சமும் சளைத்ததல்ல. ஆரஞ்சுக்குப் பதில் கொய்யா. வைட்டமின் சி அதில் பல மடங்கு அதிகம். கடையில் விற்கும் முருங்கைப் பவுடருக்குப் பதில் பக்கத்துத் தெரு முருங்கைக்கீரை. அந்தக் கீரையில் 100 கிராமுக்கு சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வெளிநாட்டு சியா விதை இல்லாவிட்டால் எள் போதும். 'சூப்பர் ஃபுட்' என்ற பெயர் விலையைத்தான் ஏற்றும், சத்தை ஏற்றாது.

'இயற்கை' என்று எழுதியிருந்தால் நல்லதா?

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றுமே உடலுக்குள் போனால் சர்க்கரைதான். தாதுக்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். சுகர் உள்ளவருக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 20 முதல் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். மூன்று வேளை டீ, காபியிலேயே அது பலருக்கு முடிந்துவிடும்.

பழச்சாறும் அப்படித்தான். பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்தோடு உள்ளே போகிறது. பிழிந்து வடிகட்டினால் சர்க்கரைத் தண்ணீர்தான் மிச்சம். '100 சதவீதம் பழச்சாறு' என்ற வாசகத்தை லேபிளிலிருந்து எடுக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஜூனில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரில் விற்கக் கூடாது என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. நம் உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது என்பதுதான் காரணம்.

இயற்கையான பொருள் எப்போதும் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. உதாரணம், சுரைக்காய் ஜூஸ். கசக்கும் சுரைக்காயில் குக்கர்பிடாசின் என்ற நச்சுப் பொருள் அதிகம். அதைக் குடித்து ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. கசந்தால் உடனே கொட்டிவிட வேண்டும் என்று ஐசிஎம்ஆர் அமைத்த நிபுணர் குழுவே எச்சரித்திருக்கிறது. "கசப்புதான் மருந்து" என்று கண்ணை மூடிக் குடிக்காதீர்கள்.

நாம் எவ்வளவு அசைகிறோம்?

சாப்பாடு பாதிக் கதைதான். மீதிப் பாதி, உடல் உழைப்பு. 2024 ஜூனில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான உலக சுகாதார அமைப்பின் ஆய்வுப்படி, 2022-ல் இந்தியப் பெரியவர்களில் 49.4 சதவீதம் பேர் போதுமான அளவு உடலை அசைக்கவில்லை. 2000-ல் இது 22.3 சதவீதமாக இருந்தது. இருபது ஆண்டுகளில் இரட்டிப்புக்கும் மேல். இப்படியே போனால் 2030-ல் 60 சதவீதத்தைத் தொடும் என்கிறது அந்த ஆய்வு.

போதுமான அளவு என்றால் எவ்வளவு? வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்குக் கடினமான உழைப்பு. ஒரு எளிய அடையாளம் சொல்லலாம். நடக்கும்போது பேச முடியும், ஆனால் பாட முடியாது என்றால் அது மிதமான வேகம். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி செய்ய வேண்டும்.

குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்வார்கள். 2020-ல் உலக சுகாதார அமைப்பு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. மாடிப்படி ஏறும் இரண்டு நிமிடமும் இப்போது கணக்கில் சேரும்.

வீட்டு வேலை உடற்பயிற்சி ஆகுமா?

இந்தப் புள்ளிவிவரத்தில் ஒரு முரண் இருக்கிறது. போதுமான உடல் உழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவீதம். பெண்களோ 57 சதவீதம். ஆனால் மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்காகச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம்.

கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வேலை செய்கிறவர்களைப் பார்த்து "உடற்பயிற்சி போதவில்லை" என்றால் கோபம் வராதா? வரும். "நாள் முழுக்க நிக்கிறேனே, அது போதாதா?" என்று கேட்பார்கள்.

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். துணி துவைப்பது, தரையைக் குனிந்து துடைப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் உண்மையிலேயே உடற்பயிற்சிக் கணக்கில் சேரும். ஆனால் சமையல், பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது எல்லாம் களைப்பைத் தருமே தவிர, இதயத் துடிப்பை உயர்த்தும் அளவுக்கு இருக்காது. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வந்த பிறகு வேலையின் வேகம் குறைந்தது. நேரம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அதனால் "அம்மா வாக்கிங் போகணும்" என்று பிள்ளைகள் சொல்வதால் மட்டும் எதுவும் மாறாது. அந்த 289 நிமிடத்தில் 30 நிமிடத்தை வீட்டில் உள்ள மற்றவர்கள் எடுத்துக்கொண்டால்தான் அம்மா செருப்பை மாட்ட முடியும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் 40.4 சதவீதம் பெண்களுக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். கலோரி கிடைக்கிறது, சத்து கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சத்துணவில் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. அதே வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காரும் அம்மாவின் தட்டில் முட்டை மிஞ்சுகிறதா என்பதைத்தான் வீட்டில் பார்க்க வேண்டும்.

வாக்கிங் மட்டும் போதுமா?

60 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் நன்றாக நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. நடைப்பயிற்சி முடிந்து டீக்கடையில் ஒரு வடை சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும். எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இதயம், ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை என்று நடையின் பலன் வேறு பல இடங்களில் தெரியும்.

சுகருக்குத் தேவையான இன்னொரு பாகம் தசை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சேரும் குளுக்கோஸைப் பெருமளவு உள்ளே இழுத்துக்கொள்வது தசைகள்தான். தசை குறைந்தால் குளுக்கோஸ் போக இடம் குறையும். முப்பது வயதுக்குப் பிறகு, பயன்படுத்தாத தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இந்தியர்களுக்குப் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பும், தசை குறைவும் இருப்பது வழக்கம்.

2025-ல் எடை குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு இந்த விஷயம் இன்னும் முக்கியமாகிவிட்டது. ஊசியால் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்தே குறைகிறது. அதனால் ஊசி போட்டுக்கொள்பவருக்கும் புரதமும் தசைப் பயிற்சியும் கட்டாயம்.

ஜிம் இல்லாமல் வீட்டிலேயே என்ன செய்யலாம்?

நம் ஊருக்கு இது புதிது இல்லை. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இருந்த ஊர் இது. கருவி எதுவும் இல்லாமல் 20 நிமிடத்தில் செய்யக்கூடியவை:

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கையை ஊன்றாமல் 10 முறை. பழகியதும் நாற்காலி இல்லாமல் பஸ்கி.
சுவரில் கை ஊன்றித் தண்டால், 10 முறை. பிறகு மேசை, அதற்குப் பிறகு தரை.
சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, 15 முறை.
இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தோள்வரை தூக்குவது, 12 முறை.
மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, 10 முறை.

இதை இரண்டு அல்லது மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். கடைசி இரண்டு முறை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மற்ற நாள்களில் நடை, சைக்கிள், யோகா என எது பிடிக்கிறதோ அது.

இன்னொரு சின்ன பழக்கம். சாப்பிட்டவுடன் சோபாவில் சாயாமல் 10 நிமிடம் மெதுவாக நடங்கள். வீட்டுக்குள்ளேயே போதும். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சுகர் குறைவாக ஏறும். தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இதுதான் முதல் படி.

வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண்கள் 14 முறைக்கும் பெண்கள் 12 முறைக்கும் குறைவாகச் செய்தால் கால் வலு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்வது நல்லது.

யார் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்?

சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை வெட்டினால் லோ சுகர் ஆகலாம். மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்குப் புரதம் எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பொட்டாசியம் அதிகமுள்ள இளநீரும் வாழைப்பழமும்கூட அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்குதல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எதை அளந்து பார்ப்பது?

எடை மெஷின் மட்டும் போதாது. டெய்லர் டேப்பை எடுத்துத் தொப்புளை ஒட்டி இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் கவனம் தேவை. நம் நாட்டவருக்குப் பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்பது கணக்கு.

சுகரும் பிரஷரும் பார்க்கப் பணம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் பார்க்கலாம்.

அரசு என்ன செய்கிறது? இடைவெளி எங்கே?

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பேசிய பிரதமர் மோடி, சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைக்கச் சொன்னார். சொல்வது எல்லாம் சரிதான்.

ஆனால் மாவட்டத்துக்கு ஒரு நடைபாதை என்பது அதன் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் பயன்படும். மற்றவர்களுக்குத் தேவை வீட்டு வாசலில் பைக் நிற்காத பிளாட்பாரம், இரவில் எரியும் தெருவிளக்கு, நாய்த் தொல்லை இல்லாத தெரு. பெண்கள் மாலை ஏழு மணிக்குத் தனியாக நடக்க முடிகிற தெரு என்றால் அதுவே பெரிய சுகாதாரத் திட்டம். அதேபோல ரேஷனில் பருப்பு கூடினால், அது ஆயிரம் விழிப்புணர்வு வீடியோவுக்குச் சமம்.

சுருக்கமாகச் சொன்னால்...

ராகி சாப்பிடுங்கள், ஆனால் அளவைக் குறையுங்கள். சோறு குறைந்த இடத்தில் பருப்பு, பயறு, முட்டை, தயிர், காய்கறி வரட்டும்.

சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடை. வாரத்தில் 150 நிமிடம் உழைப்பு. அதில் இரண்டு, மூன்று நாள் தசைப் பயிற்சி.

சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். இரும்புச்சத்தை உடல் ஏற்பதை அது தடுக்கும். அதற்குப் பதிலாக ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு தோசையைக் குறைத்து ஒரு கிண்ணம் சுண்டலை வையுங்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கும் அந்தக் கிண்ணம் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.